ஷாக் புதுசு, குதிப்பும் புதுசு

கேள்வி:

அண்ணா, வணக்கம். பாலக்கோடு பக்கத்துல இருந்து எழுதறேன். சொந்தமா ஒரு டாடா 407 லாரி வெச்சிருக்கேன், நானேதான் ஓட்டறேன். பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்ல இருந்து பெங்களூருக்குத் தக்காளி. மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி கூழ் ஃபேக்டரிக்கு மாங்கா. திரும்பி வர்றது பெரும்பாலும் எம்ட்டி. ரெண்டு மாசம் முன்னாடி, லோடு ஏத்தினா மூக்கு தொங்குதுன்னு முன்பக்கம் ரெண்டு சைடும் ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டை சேர்த்துப் போட்டோம். அதே வாரம் முன் ஷாக் ரெண்டும் ஆயில் கசியுதுன்னு புதுசு மாத்தினோம். அன்னையில இருந்து வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. வேகத்தடை ஏறி இறங்கினா மூக்கு மூணு நாலு வாட்டி ஆடிட்டுத்தான் நிக்குது. எம்ட்டியில ரொம்ப மோசம், சில பள்ளத்துல ‘டக்’குனு ஒரு அடியும் கேக்குது. மாத்திக் குடுத்தவர் “புதுசு, ஓட ஓட செட் ஆயிடும்”ங்கறார். மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டியாச்சு, செட் ஆகல. கடையில “ஹெவி டியூட்டி போட்டுடு”ங்கறாங்க. பின் ஷாக் வண்டி வாங்கினதுல இருந்து மாத்தினதில்ல. மறுபடியும் காசு போடலாமா? மண்டியில அடிப்பெட்டி நசுங்கிருச்சுன்னு பிடிச்சுக்கறாங்கண்ணா.

பதில்:

தம்பி, இப்போதைக்குக் காசு போட வேண்டாம். ஒரு காலைப் பொழுது வண்டிக்கடியில் படுத்து எழுந்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் ஷாக்கைப் பற்றி எழுதியதைவிட, போகிற போக்கில் எழுதிய இரண்டு சொல்தான் எனக்கு உறுத்தியது. ‘அதே வாரம்’. பட்டை சேர்த்ததும் ஷாக் மாற்றியதும் ஒரே வாரத்தில் நடந்திருக்கிறது. நடுவில் பத்து நாள் ஓட்டிப் பார்த்திருந்தால் எது குதிக்க வைக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இப்போது கடைசியாகக் கை வைத்த சாமான் பழியைச் சுமந்துகொண்டு நிற்கிறது. முப்பது வருடமாகக் கிருஷ்ணகிரியில் லாரிக்கடியில் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரிப் பழியில் பாதி பொய்ப்பழி.

முதலில் ஒன்று. பட்டறையில் நாங்கள் எல்லோரும் ‘ஷாக் அப்சர்வர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயரைக் கேட்டால் ரோட்டின் அடியை அதுதான் வாங்குகிறது என்று தோன்றும். அடியை வாங்குவது பட்டை, எடையைத் தாங்குவதும் பட்டை. உங்கள் வண்டியில் முன் ஷாக் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள், வண்டி நிற்கிற உயரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறாது. அமுங்கின பட்டை திரும்ப எகிறும், எகிறினது மறுபடி அமுங்கும். ஆடுகிற தூளியைக் கையை நீட்டிப் பிடித்து நிறுத்துகிறோமே, அந்த வேலையைத்தான் ஷாக் செய்கிறது. உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் சின்னச் சின்ன ஓட்டை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்தில் ஆட்டம் சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. இந்தச் சூட்டை மறக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

அதனால் மூக்கு தொங்குவதற்கும் ஷாக்குக்கும் சம்பந்தம் இல்லை. மூக்கு மூன்று நான்கு முறை ஆடிவிட்டு நிற்பதற்குச் சம்பந்தம் உண்டு. ‘டக்’ என்ற அடி மூன்றாவது விஷயம். நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

நாளைக்கு எம்ட்டியாக வரும்போது பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்து, செல்போனில் பத்து வினாடி வைத்துக்கொண்டு, வண்டி எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். வினாடிக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று என்று எண்ணிச் சொல்ல முடிந்தால் அது பட்டையின் மேல் உடம்பு ஆடுகிற ஆட்டம். எண்ணவே முடியாமல் ‘தடதட’ என்று நடுங்கினால் அது சக்கரம். கணக்கு ரொம்ப எளிது. உங்கள் 7.50-16 டயர் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் உயரம், ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டரை மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. அப்படியானால் சக்கரம் வினாடிக்கு ஆறேழு முறை சுற்றுகிறது. டயர் கோணலாக இருந்தாலோ, பேலன்ஸ் இல்லாவிட்டாலோ, ஒரு பக்கம் புடைத்திருந்தாலோ நடுக்கம் அந்தக் கணக்கில்தான் வரும், வேகத்தைக் கூட்டினால் கூடும், குறைத்தால் குறையும். பட்டை ஆட்டம் அப்படி இல்லை. 40-ல் போனாலும் 60-ல் போனாலும் அதன் தாளம் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் வேகத்தடையில் மூன்று நான்கு என்று எண்ணிச் சொல்லியிருப்பதால் டயர் முதல் குற்றவாளி இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் எண்ணிவிடுங்கள், காசா பணமா.

இனி அந்தச் சூட்டுக்கு வருவோம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மேடுபள்ளமான ரோட்டில் ஓட்டுங்கள். நாலு வழிச்சாலை வேண்டாம், உள் கிராமத்து ரோடு எதுவானாலும் சரி. நிறுத்தியதும் இறங்கி நான்கு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்கிற ஷாக் சுடும், குறைந்தது வெதுவெதுப்பாகவாவது இருக்கும். சோம்பேறி ஷாக் ரோட்டோரக் கல் மாதிரி ஜில்லென்று இருக்கும். இடதும் வலதும் ஒரே மாதிரிச் சுட்டால் அந்த ஜோடி உழைக்கிறது. ஒன்று சுட்டு ஒன்று சுடாவிட்டால் சுடாதவனைக் கழற்றுங்கள். நான்கு வருடம் மெக்கானிக் வேலை பார்த்த பையன்களுக்குக்கூட இந்தச் சோதனை தெரிவதில்லை, மீட்டரும் கருவியும் இருந்தால்தான் சோதனை என்று நினைக்கிறார்கள்.

முன் ஜோடி புதுசாக இருந்தும் ஜில்லென்று இருந்தால் என்ன அர்த்தம்? இதற்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழில் பழகின காலத்தில் ஒரு வண்டிக்கு ஷாக் மாட்டினேன். மேலேயும் கீழேயும் போல்ட் நுழைகிற வளையம், அதாவது கண்ணு, ஒரே மாதிரி; உள்ளே ரப்பர் புஷ்ஷும் ஒரே மாதிரி. எந்தப் பக்கம் மாட்டினாலும் போல்ட் நுழைந்தது. நான் தலைகீழாக மாட்டிவிட்டேன். வண்டிக்காரர் மறுநாள் வந்து, ‘தம்பி, ஷாக் போட்டியா கழட்டினியா?’ என்று கேட்டார். நம் லாரிகளில் வருகிற சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கில் கீழே எண்ணெய், மேலே காற்று. கவிழ்த்து மாட்டினால் அடி வால்வுக்கு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றுதான் கிடைக்கும், காற்றைப் பிதுக்க எந்தச் சிரமமும் இல்லை. ஆட்டம் அடங்காது. பொதுவாகத் தூசி மூடி இருக்கிற அகலமான பகுதி மேலே, எண்ணெய்க் குழாய் கீழே. உடம்பில் அம்புக்குறியோ எழுத்தோ இருந்தால் அதன்படி. குனிந்து பார்க்க அரை நிமிடம் ஆகும்.

“ஓட ஓட செட் ஆயிடும்” என்று உங்கள் மெக்கானிக் சொன்னதைச் சும்மா தள்ளிவிட மாட்டேன். அதில் ஒரு இணுக்கு உண்மை இருக்கிறது. கடையில் படுக்கப்போட்டு வைத்திருந்த ஷாக்கில் உள்குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க இழுத்து முழுக்க அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாமல் மாட்டுகிறவர்கள் உண்டு. அப்படி மாட்டினாலும் நேராக நிற்கிற ஷாக் கொஞ்ச தூரம் ஓடினதும் தானாகவே காற்றைத் தள்ளிவிடும். ஆனால் அதற்கு மூவாயிரம் கிலோமீட்டர் வேண்டாம், தர்மபுரி போய் வருவதற்குள் தெரிந்துவிடும். உங்கள் வண்டிக்கு அந்தச் சமாதானம் எப்போதோ காலாவதி ஆகிவிட்டது.

இப்போது பட்டைக்கு வருகிறேன். என் சந்தேகத்தில் பெரும்பங்கு இங்கேதான்.

முன்பக்கம் ஒரு பட்டை சேர்த்தால் இரண்டு காரியம் நடக்கிறது. ஸ்பிரிங் கடினமாகிறது, வண்டி உயரமாகிறது. கடினமான ஸ்பிரிங் அதிக வேகத்தில் திருப்பி உதறும், அதை அடக்க ஷாக்குக்கு அதிக பலம் வேண்டும். அதே ஷாக், கூடுதல் வேலை. உயரம் ஏறியதால் வருகிற சிக்கல் இதைவிட மோசம். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் மேலே போனால் ஷாக்கின் மேல் கண்ணும் மேலே போகிறது, கீழ்க் கண்ணு சக்கர அச்சான ஆக்சிலோடு அங்கேயே இருக்கிறது. ஷாக் இழுபட்டு நிற்கிறது. லோடு ஏற்றினால் அமுங்கி நடுவுக்கு வந்துவிடும், எம்ட்டியில் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கு நீண்டு நிற்கும். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக்குக்கு இன்னும் நீள இடம் இல்லை. உள்ளே பிஸ்டன் உச்சியில் போய் இடிக்கிறது. அதுதான் உங்களுடைய ‘டக்’ என்று சந்தேகப்படுகிறேன். எம்ட்டியில் அதிகம், லோடில் குறைவு என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்திவருகிறது. இப்படியே ஓட்டினால் புது ஷாக்கும் உள்ளே அடிபட்டுச் சீல் கிழிந்து கசிய ஆரம்பிக்கும். பிறகு ‘சாமான் சரியில்லை’ என்று கடைக்காரரோடு சண்டை.

சந்தேகத்தை டேப்பால் தீர்த்துக்கொள்ளலாம். எம்ட்டி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு ஷாக்கின் மேல் போல்ட் மையத்திலிருந்து கீழ் போல்ட் மையம் வரை அளந்து சுவரில் எழுதுங்கள். பிறகு கீழ் போல்ட்டைக் கழற்றி, ஷாக்கை முழுக்க இழுத்து ஒரு அளவு, முழுக்க அமுக்கி ஒரு அளவு. உள்ளே வாயு அடைத்த கேஸ் ஷாக் என்றால் விட்டதும் தானாக நீளும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, அமுக்கினால் 32 சென்டிமீட்டர், இழுத்தால் 52 என்று வைத்துக்கொள்வோம். நடு 42. வண்டியில் நிற்கும்போது 40, 44 என்று இருந்தால் நிம்மதி. எம்ட்டியில் கொஞ்சம் நீண்டு 46 வந்தால்கூடப் பரவாயில்லை. 50 என்று வந்தால் கீழே இறங்க மிச்சம் இரண்டே சென்டிமீட்டர். விஷயம் முடிந்தது, வேறு எதையும் தேட வேண்டாம்.

கழற்றியபோதே கையாலும் பாருங்கள். மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். ஒரே சீராகப் பிடிக்க வேண்டும், இழுப்பது அமுக்குவதைவிடக் கனமாக இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் ‘லொடக்’ என்று காலியாக விட்டால் அந்த ஷாக் புதுசாக இருந்தாலும் பழசுதான். பெயிண்ட் அடித்த பழைய சாமான் புது அட்டைப்பெட்டியில் வருகிற காலம் இது, தம்பி.

இதையெல்லாம் ஜாக்கியை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல்லோ கட்டையோ வைத்து, முன்னால் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் அடியில் தலை நுழையலாம். திரும்ப மாட்டும்போது போல்ட்டை முழு இறுக்கம் இறுக்குவது சக்கரம் தரையில் நின்ற பிறகு. ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் வண்டி குதிக்காது. ஆனால் ஆறு மாதத்தில் இன்னொரு செலவு.

சரி, அளவு 50 வந்துவிட்டது, என்ன செய்வது? சேர்த்த பட்டையைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது, மூக்கு தொங்கியதே என்று. ஏன் தொங்கியது என்று யாராவது பார்த்தார்களா? பட்டைக் கட்டுக்குள் ஏதாவது ஒரு பட்டை உடைந்திருக்கலாம். நடுவே சென்டர் போல்ட் பக்கத்தில், கட்டை ஆக்சிலோடு பிடிக்கிற யூ போல்ட்டுக்கு அடியில் உடைந்தால் வெளியில் லேசில் தெரியாது, சேற்றைக் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகியிருக்கலாம். அப்படியென்றால் ஸ்பிரிங் பட்டை வேலை செய்கிற கமான் பட்டறையில் கொடுத்து உடைந்ததை மாற்றி, வளைவு ஏற்றித் தரச் சொல்லுங்கள். முழுக் கட்டும் தன் பழைய உயரத்துக்கு வந்தால் மூக்கும் நிமிரும், ஷாக்கும் நடுவில் நிற்கும். ஊனமான கட்டின் மேல் ஒரு பட்டையைச் சொருகுவது, கிழிந்த சாக்கில் இன்னொரு படி நெல்லை அளந்து கொட்டுகிற வேலை.

இன்னொன்றும் இருக்கலாம், சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. தக்காளிப் பெட்டிகளைக் கேபினை ஒட்டி உச்சி வரை அடுக்கி, பின்னால் தாழ்வாக விட்டால் எந்தப் பட்டை போட்டாலும் மூக்கு தொங்கத்தான் செய்யும். பின் டோர் பக்கம் சுமையைக் குறைவாக வைப்பது வசதி என்று பலர் இப்படி அடுக்குகிறார்கள். ஒரு ட்ரிப் சமமாகப் பரப்பி ஏற்றிப் பாருங்கள்.

பட்டை சேர்த்த அன்று, கட்டைப் பிரித்தபோது பட்டைகளுக்கு நடுவே கிரீஸோ பழைய இஞ்சின் ஆயிலோ தாராளமாகத் தடவினார்களா என்று கேளுங்கள். கிறீச் சத்தம் போக எண்ணெய் அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். பட்டைக்குப் பட்டை உரசுகிற உரசலும் ஆட்டத்தை அடக்குகிறது, அது காசில்லாமல் கிடைக்கிற ஷாக். அதை வழவழவென்று ஆக்கிவிட்டால் மொத்தப் பாரமும் நிஜ ஷாக் மேல் விழும். உங்களுக்குக் குதிப்பு கூடியதில் இதற்கும் பங்கு இருக்கக்கூடும். பட்டையின் முனையைச் சேசிஸோடு சேர்க்கிற ஆடும் இணைப்பு ஷாக்கிள். அதைக் கோத்திருக்கிற ‘பின்’னின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே கிரீஸ் கட்டாயம் வேண்டும். பட்டை அமுங்கும்போது நீளுகிறது, அந்த நீளத்துக்கு ஷாக்கிள் ஆடிக் கொடுக்க வேண்டும். அந்தப் ‘பின்’ துருப்பிடித்து இறுகிப்போனால் பட்டையால் நீள முடியாது, ஒவ்வொரு பள்ளமும் நேராகச் சேசிஸில் அறையும். நிப்பிளில் கிரீஸ் அடிக்கும்போது சேசிஸை ஜாக்கி கொடுத்துத் தூக்கி எடையை எடுத்துவிட்டு அடியுங்கள். எடையோடு அடித்தால் உரசுகிற பக்கத்துக்குக் கிரீஸ் போகாமல் ஓரமாகப் பிதுங்கி வந்துவிடும்.

பின் ஷாக். வண்டி வாங்கினதில் இருந்து மாற்றவில்லை என்கிறீர்கள். முன் சக்கரம் ஏறிய மேட்டில் பின் சக்கரம் கொஞ்சம் பிந்தித்தான் ஏறும். மூன்று மீட்டர் சொச்ச இடைவெளிக்கு 60 வேகத்தில் அது ஐந்தில் ஒரு வினாடி. முன்பக்கம் அடங்குகிற நேரத்தில் பின்பக்கம் எகிறினால் வண்டி ஏற்றம் இறைக்கிற மாதிரி முன்னும் பின்னும் சாயும். நீங்கள் உட்கார்ந்திருப்பது முன் ஆக்சில் பக்கம் என்பதால் முன்னால்தான் கோளாறு என்று உடம்பு சொல்லும். சூட்டுச் சோதனையில் பின் ஜோடி ஜில்லென்று இருந்தால், ஹெவி டியூட்டிக்கு எடுத்து வைத்த காசைப் பின்னால் சாதாரண ஜோடி ஒன்றுக்குச் செலவு செய்யுங்கள்.

ஹெவி டியூட்டி வேண்டாம் என்பதற்குக் காரணம் உங்கள் வண்டி பாதி தூரம் எம்ட்டியாக ஓடுவதுதான். எந்நேரமும் முழு லோடில் ஓடுகிற வண்டிக்கு அது பொருந்தலாம். எம்ட்டியில் அது பட்டையை அசையவே விடாது, அடி முழுக்கச் சேசிஸ் பிராக்கெட்டில் இறங்கி வெல்டு விரிசல் விடும். நீளம் போதாமல் இடிக்கிற ஷாக்குக்குப் பதிலாக அதே நீளத்தில் பலமான ஷாக் போட்டால் இன்னும் பலமாக இடிக்கும், அவ்வளவுதான்.

டயர் காற்றைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் சுருக்கமாகச் சொல்கிறேன். லோடு ஏற்றுகிறோம் என்று நாலு பவுண்டு கூட அடிக்கச் சொல்கிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்கு அடியுங்கள். அடிப்பெட்டித் தக்காளிக்கு முதல் மெத்தை டயர்தான்.

இதெல்லாம் முடிகிற வரை தொப்பூர் கணவாய்ப் பக்கம் லோடு கிடைத்தால் விட்டுவிடுங்கள். குதிக்கிற சக்கரம் ரோட்டைத் தொடாத நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. அந்த இறக்கத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அஞ்செட்டி மலை ரோடும் அப்படியே. பெங்களூர் ட்ரிப்பை வேகம் குறைத்து ஓட்டுங்கள்.

கடைசியாக, கழற்றிய பழைய முன் ஷாக் ஜோடி எங்கே? பட்டறை மூலையில் கிடந்தால் பழைய இரும்புக்காரர் வருவதற்குள் எடுத்து வந்துவிடுங்கள். கசிந்தாலும் நீளம் மாறியிருக்காது. புதுசின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் முழுக்க இழுத்து அளந்து பாருங்கள். புதுசு குட்டையாக இருந்தால் உங்கள் வண்டிக்கு வேறு வண்டியின் சாமானைக் கொடுத்திருக்கிறார்கள். பில்லையும் பழைய ஷாக்கையும் சேர்த்துக் கடை மேஜையில் வையுங்கள், மாற்றித் தருவார்கள். அளந்த மூன்று எண்களையும், எந்த ஷாக் சுட்டது எது சுடவில்லை என்பதையும் எனக்கு எழுதுங்கள்.